இருபதாவது காடை

கோபிநாத் மாமா டெக்ஸஸில் பதினெட்டு வருடம் இருந்தார். டாக்டர் யாக்கோபு ஸ்காட்லாந்தில் இருபத்தொரு வருடம் இருந்தார். நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம், வடகரப்பதியில் இருபத்து நான்கு வருடமாக இருக்கிறேன். இதை மட்டும் யாரும் அனுபவம் என்று சொல்வதில்லை.

சண்டை மாமாவின் நாய் ஒன்றைப் பற்றியது. செவலை என்று பெயர். உடம்பெல்லாம் வெள்ளை, இரண்டு காதும் முதுகில் ஒரு திட்டும் செவலை. அவளுடைய காகிதங்களில் ஐந்து வார்த்தைகளில் ஒரு பெயர் இருக்கிறது. மாமா விருந்தாளிகள் வரும்போது மட்டும் அதைச் சொல்வார், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஜாதி, பாயின்டர். இந்த ஜாதிக்குப் பிறவியிலேயே தெரிந்த வேலை ஒன்றுதான். காற்றில் பறவையின் வாசம் வந்ததும் அந்தப் பக்கம் மூக்கை நீட்டி, ஒரு முன்னங்காலை மடக்கி, அப்படியே நின்றுவிடும். குரைக்காது, பாயாது. பறவை இங்கே இருக்கிறது என்று உடம்பாலேயே சொல்லும்.

அப்படி நிற்கும் வரைக்கும் எல்லா நாடும் ஒன்றுதான். அடுத்த நொடியிலிருந்துதான் தகராறு.

டெக்ஸஸில் நாய் சிலையாக நிற்க வேண்டும். ஆள்தான் அதைத் தாண்டிப் போய்ப் பறவையைக் கிளப்ப வேண்டும். பறவை பறந்தாலும், துப்பாக்கி வெடித்தாலும் நாய் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், வால் வானத்தைப் பார்த்தபடி. ஸ்காட்லாந்தில் இது நேர்மாறு. ஆள் சொன்னதும் நாயே அடி அடியாக முன்னால் போய்ப் பறவையைக் கிளப்ப வேண்டும். கிளம்பிய நொடியே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். டெக்ஸஸில் படுத்தால் மானம் போச்சு, ஸ்காட்லாந்தில் நின்றால் மானம் போச்சு. டெக்ஸஸில் நாய் கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடும், நடுவர்கள் குதிரையில் பின்னாலேயே போவார்களாம். ஸ்காட்லாந்தில் நடுவர் நடப்பார், நாய் அவர் பார்வைக்குள்ளேயே காற்றை எதிர்த்து வலமும் இடமுமாகத் துழாவும். எங்கள் வயல் மூன்று ஏக்கர். டெக்ஸஸ் கணக்கில் ஓடினால் செவலை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள் போய்த்தான் நிற்பாள்.

இந்த ஊரில் துப்பாக்கிக்கு இடமில்லை. காட்டுப் பறவையின் மேல் கை வைத்தால் வனத்துறை வந்து நிற்கும், வர வேண்டியதுதான். அதனால் பயிற்சிக்குப் பறவை எங்கள் வீட்டிலிருந்து போனது. என் அப்பா நஞ்சப்பன் கடலை போடுகிறவர். கூடவே ஒரு கொட்டகையில் நானூறு ஜப்பான் காடை வளர்க்கிறார். வெடிச் சத்தத்துக்குப் பதில், இரண்டு பலகையைக் கதவுக் கீல் வைத்துப் பிணைத்து மாமாவே ஒன்று செய்திருந்தார். டபார் என்று அடித்தால் பக்கத்துத் தென்னந்தோப்பில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

காடை வேண்டும் என்று வந்த மாமா, காடையோடு சேர்ந்து வந்த என்னையும் பிடித்துக்கொண்டார். நான் சித்தூர் கல்லூரியில் விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சும்மா இருக்கும் படித்த பெண் என்றால் ஊரில் எல்லாருக்கும் வேலை ஞாபகம் வந்துவிடும். ஒன்றரை வருடம், தினமும் சாயங்காலம், செவலையோடு வயலில் ஓடினேன்.

மாமா எனக்கு ஒரு தொப்பி கொடுத்து டெக்ஸஸ் முறையைச் சொல்லித்தந்தார். டாக்டர் யாக்கோபு அவருடைய கூட்டாளி. இடுக்கி எஸ்டேட்டில் கூலித் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, கால்நடை மருத்துவம் படித்து, வெளிநாடு போய் வந்தவர். மாதம் ஒருமுறை செவலையைப் பார்க்க வருவார், மற்ற நாட்களில் போனில் வீடியோ கேட்பார். அவர் ஒரு விசில் கொடுத்து ஸ்காட்லாந்து முறையைச் சொல்லித்தந்தார். மாமாவிடம் சொல்லாதே என்று டாக்டர் சொன்னார். டாக்டர் பேச்சைக் கேக்காதே என்று மாமா சொன்னார். இருவரையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. தலையில் தொப்பி இருந்தால் செவலை டெக்ஸஸ்காரி. கழுத்தில் விசில் தொங்கினால் ஸ்காட்லாந்துக்காரி. நாலே மாதத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெரிய மனிதர்கள் இருவருக்கும்தான் புரியவில்லை.

மூன்றாவதாக ஒரு முறையும் இருந்தது. அதை யாரும் சொல்லித்தரவில்லை. பயிற்சிக்கு விட்ட காடை பறந்தால் ஐம்பதடி போய் விழும், பிறகு நடந்து எங்காவது ஒளிந்துகொள்ளும். கொட்டகையில் பிறந்த பறவை, வீட்டுக்கு வழி தெரியாது. அப்பாவோ கொடுத்த எண்ணிக்கை குறைந்தால் அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்காதபடி பேசுவார். அதனால் மாமா செவலையை என்னிடம் விட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு, நான் தொப்பியையும் விசிலையும் கழற்றி வைத்துவிட்டு, கோழி கவிழ்க்கிற கூடையை எடுப்பேன். செவலை தேடிப் போய் நிற்பாள். நான் பக்கவாட்டில் போய்ப் பறவையின் மேல் கூடையைக் கவிழ்ப்பேன். அவள் வந்து கூடையின் மேல் தாடையை வைத்துக்கொள்வாள். அடுத்தது. அதை நாங்கள் பயிற்சி என்று நினைக்கவே இல்லை, வீட்டு வேலை என்றுதான் நினைத்தோம்.

மார்கழி பிறந்தபோது, மாமாவும் டாக்டரும் கொல்லங்கோட்டுப் பக்கம் மாமாவின் மாந்தோப்பில் நாய்ப் பயிற்சி நிலையம் தொடங்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. பயிற்சியாளர் பெயர் போட்டுப் பலகை எழுத வேண்டும். நான் மனதுக்குள் என் பெயரை அந்தப் பலகையில் பார்த்தேவிட்டேன். எழுத்து என்ன நிறம் என்பதுவரை.

மாமா வந்து, பயிற்சியாளர் அவருடைய அக்கா மகன் ஜிதின் என்றார். ஜிதின் பெங்களூரில் மூன்று மாதக் கோர்ஸ் முடித்து, லேமினேட் செய்த சான்றிதழோடு வந்திருந்தான். எனக்கு ஹெல்ப்பர் வேலையாம்.

"நல்ல வேலை அம்மிணி. குளிப்பாட்டறது, சோறு வெக்கறது. வயலுக்குள்ள எறங்கிப் பறவையைத் தொடறதெல்லாம் ட்ரெயினர் பாத்துக்குவான். நம்மூட்டுப் புள்ள எதுக்கு வெயில்ல ஓடோணும்?"

"ஒன்றரை வருசமா வெயில்ல ஓடுனது ஆருங்க மாமா?"

அவர் செவலையின் காதைத் தடவினார். இந்த மாதிரிக் கேள்விக்கு நாயின் காதைத் தடவுவது எந்த நாட்டு முறை என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். எனக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தது. லயத்திலிருந்து வந்தவர், அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவரோ ஜிதினிடம் சர்டிபிகேட் இருக்கிறதே என்று இழுத்தார். நான் நான்கு நிமிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. கடைசியில் அவர்தான் மாமாவிடம் பேசி ஒரு வழி செய்தார்: சனிக்கிழமை எங்கள் வயலில் போட்டி. ஒரே நாய், ஜிதின் ஒரு தடவை, நான் ஒரு தடவை. நடுவர்களாக மாமாவும் டாக்டரும் யாருக்குக் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்தான் பயிற்சியாளர்.

டாக்டர் விடியலில் இடுக்கியிலிருந்து கிளம்பி, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று வந்து சேர்ந்தார். கேரளத்திலிருந்து கேரளத்துக்கு வருவதற்கு நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். மாமா நடுவருக்கென்று ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்தார், கித்தான் துணி போட்டது, டெக்ஸஸிலிருந்து கப்பலில் வந்ததாம். கடலை பிடுங்கிய பொலபொல மண்ணில் அதைப் போட்டு உட்கார்ந்ததும் கால்கள் ஒரு சாண் இறங்கின. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் வரப்பு மட்டும்தான் தெரியும். குதிரை இல்லாத குறை.

அப்பா இருபது காடையை எண்ணிக் கொடுத்துவிட்டு, இருபதும் திரும்பி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜிதின் ஒவ்வொன்றின் தலையையும் இறக்கைக்குள் செருகி, தொட்டில்போல் ஆட்டி, மயக்கமாக்கிக் கடலைக்கொடிக் குவியல்களுக்கு அடியில் வைத்தான். வெளிநாட்டில் அப்படித்தான் செய்வார்களாம். கால் மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும் என்பதை மட்டும் கோர்ஸில் சொல்லவில்லை போலிருக்கிறது.

முதலில் ஜிதின். அவனுடைய வாத்தியார் ஜெர்மனியில் பழகியவர். அந்த முறையில் நாய் கண்டுபிடிக்க வேண்டும், நிற்க வேண்டும், பறவையை வாயில் கவ்விக் கொண்டுவந்தும் தர வேண்டும், நீந்தவும் வேண்டும். தண்ணீர் எங்கே என்று கேட்டான். சொட்டுநீர்க் குழாயைக் காட்டினேன்.

செவலை மூன்றாவது குவியலில் அழகாக நின்றாள். அவன் கொண்டுவா என்று இங்கிலீஷில் கட்டளையிட்டான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் சத்தமாகக் கட்டளையிட்டான். யோசித்தாள். பிறகு நிதானமாக ஜீப்புக்கு நடந்து போய், அவனுடைய தண்ணீர் பாட்டிலைக் கவ்விக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தாள். டாக்டர் கையிலிருந்த போட்டித் தாளில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்: மரியாதை தெரிந்த நாய்.

அடுத்து நான். என் திட்டம் சுலபமானது. தொப்பியோடு ஒரு சுற்று, விசிலோடு ஒரு சுற்று. ஆனால் காற்று இறங்குகிறது, காடைகள் விழித்துக்கொண்டன, ஒரே சுற்றுதான் என்று மாமா சொல்லிவிட்டார். தொப்பியைக் கழற்றப் போனேன், அது எதுக்கு என்றார். விசிலைக் கழற்றப் போனேன், அது கெடக்கட்டும் என்றார் டாக்டர். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கினேன்.

கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து காற்று. செவலை வலமும் இடமுமாகப் போனாள், டாக்டர் தலையாட்டினார். தூரமாகவும் போனாள், மாமா தலையாட்டினார். வேலியோரம் நின்றாள். வால் நேராக மேலே. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஒன்று சில்லென்று ஓடும், அன்றும் ஓடியது. நான் பக்கத்தில் போனதும் காடை தானாகவே கிளம்பிவிட்டது. ஜிதின் பலகையை டபார் என்று அடித்தான்.

செவலை என் தலையைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். பின்னங்கால்கள் டாக்டர் சொன்னபடி கீழே இறங்கின. முன்னங்கால்கள் மாமா சொன்னபடி நின்றன. மொத்தத்தில், உட்கார்ந்தாள்.

ஒரு நாய் உட்கார்ந்ததற்கு இரண்டு பெரிய மனிதர்களின் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. நிற்பதும் படுப்பதும் எங்காவது ஒரு நாட்டில் சரி. உட்காருவது எந்த நாட்டிலும் சரியில்லை.

"வாலைப் பாத்தீங்களா டாக்டரே, வானத்தையே குத்துச்சு. அப்புறம் எதுக்குங்க உக்காருது?" என்றார் மாமா.

"நீரு குதிரை மேல உக்காந்து பாக்குற ஊர்க்காரரு, வாலு மட்டுந்தான் தெரியும். அது படுக்கத்தான் போச்சு. உம்ம தொப்பில்லா தடுத்திட்டு."

"படுக்கற நாயி நாயிங்களா? அது பாய்."

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. தொப்பி ஒரு பாடம், விசில் ஒரு பாடம். இத்தனை நாளும் இருவரையும் நான் ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பிறகு ஸ்காட்லாந்தும் டெக்ஸஸும் முதல் தடவையாக ஒத்துப்போயின: பெண் நாயைக் குழப்பிவிட்டாள். ஜிதினே இருக்கட்டும், பழகிக்கொள்வான்.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். இரண்டு நாட்டுச் சட்டத்தையும் ஒரு நாய்க்குள் ஏற்றி, கேட்ட பக்கம் கேட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அது திறமையாகத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கியவன் பயிற்சியாளர். இதைச் சொல்ல வாயைத் திறந்தபோது அப்பா இரண்டு கூடையோடு வரப்பில் வந்து நின்றார்.

"பேச்சு அப்புறம். என்ற காடையெங்க?"

குவியல்களைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. இருபதும் விழித்துக்கொண்டு மூன்று ஏக்கருக்குள் எங்கெங்கோ நடந்துவிட்டன. வேலியில் கீரி குடும்பமாக இருக்கிறது. மாமா ஜிதினைப் பார்த்தார். ஜிதின் தன் போனைப் பார்த்தான்.

நான் தொப்பியைக் கழற்றி மாமாவின் மடியில் வைத்தேன். விசிலை டாக்டரின் கையில் கொடுத்தேன். அப்பாவிடமிருந்து கூடையை வாங்கினேன். செவலை வாலை ஒரு தரம் ஆட்டினாள். அந்தக் கூடையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது.

நின்றாள். கவிழ்த்தேன். தாடையை வைத்தாள். அடுத்தது. வரப்பு இடுக்கில் இரண்டு, சொட்டுநீர்க் குழாயடியில் மூன்று, உழவு மாட்டின் காலடித் தடத்துக்குள் உடம்பை அமுக்கிக்கொண்டு ஒன்று. அதன் முதுகும் மண்ணும் ஒரே நிறம். நான் முழங்காலிட்டுப் பார்த்தும் தெரியவில்லை. செவலை சொன்னதை நம்பிக் கூடையை வைத்தேன், உள்ளே படபடத்தது. ஒரு மணி நேரம் இப்படியே போனது. டாக்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கூடையைத் தானே தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். கூலியாள் மாதிரி தலைப்பாகை கட்டாத குறைதான்.

"இது எந்த நாட்டு முறைம்மா?" என்று மட்டும் கேட்டார். காடையை உயிரோடு திருப்பிக் கொடுக்க வேண்டிய நாட்டு முறை என்றேன்.

பத்தொன்பது. அப்பா இரண்டு தடவை எண்ணினார், பத்தொன்பதுதான். செவலை மறுபடி ஒரு வட்டம் போனாள். காற்றில் மூக்கைத் தூக்கினாள். நேராக மாமாவின் நாற்காலியை நோக்கி வந்து, ஆறடி தள்ளி, கல்லாக நின்றாள். ஒரு கால் மடங்கி, வால் வானத்தில். டெக்ஸஸே வந்து படம் பிடித்துப் போகலாம்.

மாமா குனிந்து பார்த்தார். காடை அவருக்கு நேர் கீழே, தொங்கிய கித்தானுக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த நாலு விரல் நிழலில் உட்கார்ந்திருந்தது. அவர் எழுந்திருக்க வேண்டுமென்றால் முதலில் கீழே அமுங்க வேண்டும். அமுங்கினால் காடை கதை முடிந்தது.

"அசையாதீங்க" என்றார் அப்பா.

"அசையாதேயும்" என்றார் டாக்டர், சந்தோஷமாக. "நாய் நிக்கும்போது அசைஞ்சா உம்ம ஊரு ரூல்படி என்ன மார்க்கு?"

பூஜ்யம் என்று ஒன்றரை வருடமாக எங்கள் எல்லோருக்கும் சொன்னவர் மாமாதான்.

"அம்மிணி, வந்து எடுத்துரு."

"எடுத்தர்றனுங்க மாமா. ட்ரெயினரா வந்து எடுக்கட்டுங்களா, ஹெல்ப்பராவா?"

"இப்ப எதுக்கு அது?"

"வயல்ல பறவையைத் தொடறது ட்ரெயினர் வேலைன்னு சொன்னீங்கல்லங்க. நானு ஹெல்ப்பருங்க. ஜிதினைக் கூப்பிடறேன்."

ஜிதின் ஒரு அடி எடுத்து வைத்தான். அவன் போட்டிருந்தது மலையேறுகிறவர்களின் பூட்ஸ். அப்பா அவன் காலைப் பார்த்து, அதை அங்கே வைத்தால் காடையைச் சட்னியாகத்தான் எடுக்க வேண்டும் என்றார். ஜிதின் நின்றுவிட்டான். உண்மையைச் சொன்னால், அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பெங்களூருக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று அவன் போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன்.

மாமாவின் நெற்றியில் வேர்வை. கித்தான் மெல்ல முனகியது. செவலையின் வால் நுனிகூட ஆடவில்லை. அவள் ஒரு மணி நேரம் நிற்பாள். மாமா அவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரா என்பதுதான் கேள்வி.

"தாளை எடுங்க டாக்டரே" என்றார் கடைசியில்.

டாக்டர் சிரித்துக்கொண்டே தாளையும் தன் பேனாவையும் எடுத்து, வேடிக்கை பார்க்கிறவர் மாதிரி மாமாவின் முழங்காலில் வைத்தார். மாமா அசையாமல், மணிக்கட்டை மட்டும் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். நான் தாளையும் பேனாவையும் எடுத்து டாக்டரிடம் நீட்டினேன்.

"எனக்கென்னம்மா, நான் போடுதேன், அதுக்கென்ன. சர்டிபிகேட்டு விஷயந்தான் கொஞ்சம்..."

"டாக்டருங்க, உங்களுக்கு முன்னால உங்க லயத்துல எத்தனை பேருகிட்ட சர்டிபிகேட் இருந்துச்சுங்க?"

சிரிப்பு நின்றது. பிறகு பேனாவை அழுத்தி, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். மாமா போட்ட கிறுக்கலுக்குப் பக்கத்தில் அது பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியது மாதிரி நேராக இருந்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தாளோடு தன் பேனாவையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

தாளில் இன்னும் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. ஒன்றில், பயிற்சியாளர், நர்மதா நஞ்சப்பன், பி.எஸ்சி. என்று எழுதினேன். அப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும்; தன் பெயரை மட்டும் சட்டென்று கண்டுபிடித்தார், மறுபடி காடைகளை எண்ணப் போய்விட்டார். இன்னொரு கட்டம், எந்த நாட்டு முறை என்று கேட்டது. அதில் வடகரப்பதி என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன்.

"அது நாடில்லையே அம்மிணி" என்றார் மாமா, எட்டிப் பார்க்க முடியாத நிலையிலும்.

"ரெண்டு மாநிலத்துக்கு நடுவுல கெடக்கு, அது போதும்வே" என்றார் டாக்டர்.

"செரி, எடு. காலு மரத்துப் போச்சு."

"இன்னொரு நிமிசமுங்க மாமா. இங்க் காயட்டும்."

அது பால்பாயின்ட் பேனா. மாமாவுக்கும் அது தெரியும். தாளைக் காற்றில் பிடித்து நிதானமாக ஆட்டினேன். செவலை நின்றுகொண்டிருந்தாள்.